போர் தண்ணி மஞ்சளாகுது, சம்ப் தண்ணி வாடை அடிக்குது. எதை முதல்ல சரி பண்ணணும்?

ஆறுவீடு_வேளச்சேரி:

வணக்கம். வேளச்சேரியில ஆறு வீடு உள்ள சின்ன அபார்ட்மென்ட். மொத்தம் 22 பேர். தண்ணி ரெண்டு வழியா வருது: மெட்ரோ லைன் (சென்னை குடிநீர் வாரியக் குழாய்), 200 அடி போர் (ஆழ்துளைக் கிணறு). ரெண்டும் ஒரே சம்ப்புல (தரைக்கடித் தொட்டி, 12,000 லிட்டர்) விழுந்து, அங்கிருந்து மொட்டை மாடி டேங்குக்கு ஏறுது.

போர் தண்ணி குழாயில வரும்போது தெளிவா இருக்கு. பக்கெட்ல பிடிச்சு வெச்சா அரை மணி நேரத்துல மஞ்சளாகுது, காலையில பார்த்தா அடியில செம்மண் நிறத்துல படிஞ்சிருக்கு. வெள்ளைத் துணியெல்லாம் பழுப்பேறிப் போச்சு. குழாய் முனை, ஷவர், கீசர் எல்லாத்துலயும் வெள்ளைப் படிவம் வேற. மெட்ரோ தண்ணி விடற நாள்ல முதல் சில நிமிஷம் லேசா சாக்கடை வாடை வருது, அப்புறம் போயிடுது. ஆனா சம்ப் மூடியைத் திறந்தா எந்நேரமும் கொஞ்சம் வாடை இருக்கு.

போர் தண்ணி லேப் ரிப்போர்ட் (பி.எச் தவிர எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்): பி.எச் 6.8, டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற உப்புகளோட மொத்த அளவு) 1240, மொத்தக் கடினத்தன்மை 640, காரத்தன்மை 380, குளோரைடு 420, சல்பேட் 110, நைட்ரேட் 18, இரும்பு 3.4.

கை மீட்டர்ல பார்த்த டிடிஎஸ்: மெட்ரோ லைன் குழாயில 310. சம்ப்புல 780. போர் மோட்டார் ரிப்பேர்ல இருந்தப்போ வெறும் மெட்ரோ தண்ணிதான் விட்டோம், அப்போ சம்ப்புல 520.

போர் மோட்டார் 1 எச்.பி. 20 லிட்டர் பக்கெட் 25 செகண்டுல நிரம்புது.

ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கு. ஒருத்தர் 16 இஞ்ச் வெசல்ல (ஃபில்டர் உருளை) இரும்பு ஃபில்டரும் அதே சைஸ்ல சாஃப்ட்னரும் (கடினத்தன்மையைக் குறைக்கற மெஷின்) போடலாம்ங்கறார். இன்னொருத்தர் மொத்தக் கட்டடத்துக்கும் மணிக்கு 500 லிட்டர் ஆர்.ஓ பிளான்ட் போட்டா எல்லாமே ஒரே அடியில தீரும்ங்கறார். அசோசியேஷன்ல ஆளுக்கு ஒரு பக்கம் நிக்கறாங்க. எதுல ஆரம்பிக்கறது?


நீராய்வு:

உங்கள் ரிப்போர்ட்டை வைத்தே பேசலாம், நல்ல விவரமாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி: இரும்புக்கான சாம்பிளை எப்படி எடுத்தீர்கள்? போர் வாயிலிருந்து எடுத்து, பாட்டிலில் லேப் தந்த நைட்ரிக் அமிலச் சொட்டு போட்டு மூடினால்தான் 3.4 என்பது நம்பத்தக்க எண். அமிலம் போடாமல் எடுத்தால் லேபுக்குப் போவதற்குள் பாதி இரும்பு பாட்டிலின் அடியில் படிந்துவிடும், ரிப்போர்ட் குறைத்துக் காட்டும். பக்கெட்டில் அவ்வளவு படிகிறது என்றால் 3.4-க்கு மேலேயும் இருக்கலாம்.

நடப்பது இதுதான். நிலத்தடியில் ஆக்ஸிஜன் இல்லாததால் இரும்பு கரைந்த நிலையில், நிறமில்லாமல் இருக்கிறது. காற்றுப் பட்டதும் துருவாக மாறிக் கரையாத தூளாகப் பிரிகிறது. 0.3-ஐத் தாண்டினாலே துணியிலும் டைல்ஸிலும் கறை விழும். உங்களுடையது அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். தினமும் 3,000 லிட்டர் எடுத்தால் சுமார் 10 கிராம் இரும்பு, வருஷத்துக்கு மூன்றரை கிலோவுக்கு மேல் உங்கள் டேங்கிலும் பைப்பிலும் துணியிலும் போய் உட்கார்கிறது.

இந்தத் தண்ணீரில் சாதகமான ஒன்று உண்டு. காரத்தன்மை 380 இருந்தும் பி.எச் 6.8-லேயே நிற்கிறது என்றால் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கிறது என்று பொருள். தண்ணீரைக் காற்றில் நன்றாகத் தெளித்து விழவிட்டால் அந்த வாயு வெளியேறும், பி.எச் 7.5 பக்கம் ஏறும். பி.எச் ஏற ஏற இரும்பு வேகமாகத் துருவாகிப் பிரியும். அதாவது ஃபில்டருக்கு முன்னாலேயே பாதி வேலையைக் காற்றே செய்து கொடுத்துவிடும்.

செய்ய வேண்டியது: போர் தண்ணீருக்கென்று தனியாக ஒரு 2,000 லிட்டர் டேங்க். போர் பைப்பின் முனையை அப்படியே உள்ளே விடாதீர்கள். ஒன்றேகால் இஞ்ச் பிவிசி பைப்பில் 3 மி.மீ. ஓட்டைகள் போட்டு, முனையை அடைத்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒன்றரை, இரண்டு அடி உயரத்திலிருந்து மழையாக விழ வையுங்கள். வாயு வெளியேற வேண்டும் என்பதால் டேங்க் மூடியில் கொசுவலை கட்டின காற்றுத் துளை அவசியம். வெளியே எடுக்கும் பைப் தரையிலிருந்து அரை அடி மேலே இருக்கட்டும், படிவத்தைக் கழுவித் தள்ள அடியில் தனி வால்வு.

குளோரினும் சேர்த்தால் மிச்சம் மீதி இரும்பும் பிரியும். 1 மி.கி. இரும்புக்கு 0.64 மி.கி. குளோரின் வேண்டும், ஆக 3.4-க்கு சுமார் 2.2. மற்ற செலவுக்கும் சேர்த்து லிட்டருக்கு 3 மி.கி. என்று கணக்கு வையுங்கள். 3,000 லிட்டருக்கு 9 கிராம் குளோரின், அதாவது 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 180 மி.லி. நம்ம ஊர் வெயிலில் ஹைப்போ கேன் சீக்கிரம் வீரியம் இழக்கும். நிழலில் வையுங்கள், மாதத்துக்கு ஆகும் அளவுக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். ஆர்த்தோடோலிடின் சொட்டு மருந்து வாங்கி, ஃபில்டரைத் தாண்டி வரும் தண்ணீரில் போட்டால் இளமஞ்சள் தெரிய வேண்டும்.

இன்னொன்று: டாய்லெட் ஃப்ளஷ் டேங்கைத் திறந்து பாருங்கள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பாக, விரலில் இழைந்து வருகிற மாதிரி இருந்தால் இரும்பு பாக்டீரியாவும் இருக்கிறது. அப்படியானால் போரையே குளோரின் போட்டுக் கழுவ வேண்டும். ஆறரை இஞ்ச் போரில் ஒரு அடிக்கு சுமார் 6.5 லிட்டர் தண்ணீர் நிற்கும். தண்ணீர் 140 அடி நின்றால் 900 லிட்டர். லிட்டருக்கு 100 மி.கி. குளோரின் வேண்டுமென்றால் 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 300 கிராம். பவுடரைப் பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்த நீரை மட்டும் போரில் ஊற்றி, மோட்டாரைப் போட்டு அதே தண்ணீரைத் திரும்பப் போருக்குள்ளேயே ஓட விட்டு, ராத்திரி முழுக்க வைத்து, காலையில் வாடை போகும்வரை சாக்கடைக்கு வெளியேற்றுங்கள்.


பம்ப்செட்_தரமணி:

அண்ணே, அந்த 16 இஞ்ச் வெசல் உங்க மோட்டாருக்கு ஒத்து வராது. காரணம் சொல்றேன்.

25 செகண்டுக்கு 20 லிட்டர்னா நிமிஷத்துக்கு 48 லிட்டர், மணிக்கு 2,880. மாங்கனீஸ் டை ஆக்ஸைடு பூசின மணல் மாதிரி மீடியாவை (வெசலுக்குள்ள இரும்பைப் பிடிக்கற பொருள்) பேக்வாஷ் பண்ண மணிக்கு 30 மீட்டர் வேகத்தையாவது ஒட்டி கீழிருந்து மேல தண்ணி ஏறணும். அப்பதான் மணல் தூக்கி எழும்பி, இடுக்குல மாட்டின துரு வெளிய போகும். 16 இஞ்ச் வெசல்ல உங்க மோட்டார் 22 மீட்டர்தான் கொடுக்கும். மணல் அசையவே அசையாது. மூணு நாலு மாசத்துல துரு களிமண்ணா இறுகி, நடுவுல ஓட்டை போட்டுக்கிட்டு தண்ணி நேரா கீழ போயிடும். "மீடியா செத்துப்போச்சு, மாத்தணும்"னு வந்து சொல்வாங்க. மீடியா மேல தப்பே இருக்காது, கழுவத் தண்ணி பத்தலை, அவ்வளவுதான்.

13 இஞ்ச் எஃப்.ஆர்.பி (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) வெசல் ரெண்டு பக்கத்துல பக்கத்துல போடுங்க. ஃபில்டர் ஆகும்போது ரெண்டுலயும் பிரிஞ்சு போகும், அவுட்லெட் வால்வைக் கொஞ்சம் மூடி மொத்தம் நிமிஷத்துக்கு 35 லிட்டருக்கு அடக்கி வெச்சா வேகம் மணிக்கு 12 மீட்டர். இரும்பு பிடிக்க அது நல்ல வேகம். பேக்வாஷ் ஒண்ணு முடிச்சு ஒண்ணு. முழுத் தண்ணியும் ஒரே வெசலுக்குப் போகும்போது 33 மீட்டர் கிடைக்கும். மேல நீராய்வு சார் சொன்ன தனி டேங்க் வெச்சீங்கன்னா, அதுலேருந்து எடுக்கற மோட்டாரும் அந்த 48 லிட்டர் கொடுக்கற மாதிரி பார்த்து வாங்குங்க.

முழுக்க மாங்கனீஸ் தாதுக் கல்லா இருக்கற மீடியா வேண்டாம். அது கனம், கழுவ இதைவிட ரெண்டு மடங்கு வேகம் கேட்கும். கொட்டேஷன்ல "எம்.என்.ஓ.2 (மாங்கனீஸ் டை ஆக்ஸைடு) மீடியா"ன்னு மட்டும் போட்டிருந்தா எது, எத்தனை கிலோ, எந்த சைஸ்னு எழுதி வாங்குங்க.

மீடியா போடும்போது பக்கத்துலயே நில்லுங்க. நடு பைப்போட வாயை டேப் போட்டு மூடிட்டுத்தான் கல்லைக் கொட்டணும். இல்லேன்னா கல்லு பைப்புக்குள்ள விழுந்து, அப்புறம் வீட்டுக் குழாய்ல வரும். அடியில கூழாங்கல், அதுக்கு மேல பெரிய மணல், அதுக்கு மேல மீடியா. வெசல்ல மூணுல ஒரு பங்கு காலியா விடணும், பேக்வாஷ்ல மணல் எழும்ப அந்த இடம் வேணும். முழுசா ரொப்பிக் கொடுத்தா நிறையக் கொடுத்த மாதிரி தெரியும், கழுவும்போது மீடியாதான் சாக்கடைக்குப் போகும்.

மல்டிபோர்ட் வால்வை (ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ்னு மாத்தற வால்வு) மோட்டார் ஓடும்போது திருப்பவே கூடாது. உள்ள இருக்கற ரப்பர் கேஸ்கட் பிய்ஞ்சிடும், அப்புறம் ஃபில்டர்ல வெச்சிருந்தாலும் அழுக்குத் தண்ணி கசிஞ்சு நல்ல தண்ணியோட சேரும். மோட்டார் ஆஃப், கைப்பிடியை அழுத்தித் திருப்பு, மோட்டார் ஆன். தினமும் பேக்வாஷ் வெசலுக்குப் பத்து நிமிஷம், ரின்ஸ் ரெண்டு மூணு நிமிஷம். பேக்வாஷ் வெளிய போற பைப் ஒன்றேகால் இஞ்ச் இருக்கணும். அரை இஞ்ச் பைப்ல விட்டு வெச்சிருக்கறதை நிறைய இடத்துல பார்க்கலாம், அதுல கணக்கெல்லாம் வீணாப் போகும்.

அந்தக் கழிவுத் தண்ணியை மழைநீர்க் குழியில மட்டும் விட்டுடாதீங்க. துரு போய்க் குழியை அடைச்சிடும்.


சம்ப்_கட்டு:

இரும்பைப் பற்றி எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கேள்வியில் உள்ள 520 என்ற எண்ணை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

மெட்ரோ லைனில் 310. போர் ஓடவே இல்லை. அப்படியிருக்க சம்ப்பில் 520 எப்படி வந்தது? சிமென்ட் சுவரிலிருந்து கொஞ்சம் கரையும், ஆனால் பழைய சம்ப்பில் 210 ஏறாது. பழைய போர் தண்ணீர் கொஞ்சம் அடியில் மிச்சம் இருந்திருக்கலாம், அதை முதலில் ஒதுக்கிப் பாருங்கள். அது இல்லையென்றால் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே கசிகிறது. சம்ப்பில் எந்நேரமும் வாடை என்பதோடு சேர்த்துப் பார்த்தால் பக்கத்தில் எங்கோ சாக்கடைச் சேம்பர் இருக்க வேண்டும்.

மஞ்சள் தண்ணீர் துணியைக் கெடுக்கும். இது ஆளைக் கெடுக்கும். ஃபில்டர், சாஃப்ட்னர் எதற்கும் இப்போது அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதலில் சம்ப்.

சோதிக்கிற முறை: மழை பெய்த மறுநாளாக இருந்தால் நல்லது, அப்போது வெளியே நிலத்தடி நீர்மட்டம் மேலே இருக்கும். சம்ப்பை முக்கால் அடி விட்டு மற்றதைக் காலி செய்யுங்கள். மெட்ரோ வால்வு, போர் வால்வு, டேங்கிலிருந்து திரும்பும் லைன் எல்லாவற்றையும் மூடுங்கள். சுவரில் நீர்மட்டத்தில் ஒரு கோடு. டிடிஎஸ் குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி அப்படியே விட்டு, காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மட்டம் ஏறியிருக்கிறதா, சுவரில் எங்காவது ஈரக் கோடு வழிகிறதா, டிடிஎஸ் கூடியிருக்கிறதா. சம்ப் நிரம்பி இருக்கும்போது ஓட்டை தெரியாது, ஏனென்றால் அப்போது உள்ளிருந்து வெளியேதான் போகும். மட்டம் இறங்கும்போதுதான் வெளித் தண்ணீர் உள்ளே வரும். ஆகவே தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள நாளில்தான் ஆபத்து அதிகம்.

கூடவே ஹைட்ரஜன் சல்பைடு குப்பி வாங்கி, கசிகிற தண்ணீரையும் சம்ப் தண்ணீரையும் தனித்தனியாக விட்டு வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் கறுப்பானால் மலக்கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் நீர்ப் பரிசோதனை உண்டு. கிருமிச் சோதனைக்குச் சுத்திகரித்த பாட்டிலை லேபிலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், சாம்பிளை ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். 100 மி.லி.யில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதுதான் ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரம். இதில் தளர்வு கிடையாது.

மெட்ரோ தண்ணீரில் முதல் சில நிமிஷ வாடை வேறு விஷயம். சப்ளை இல்லாத நேரத்தில் தெருக் குழாய் காலியாகக் கிடக்கிறது, ஓட்டை இருக்கும் இடத்தில் பக்கத்துச் சாக்கடை உள்ளே இறங்குகிறது. லைனில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சினால் இன்னும் மோசமாகும், உங்கள் தெருவில் யாரும் அப்படிச் செய்கிறார்களா பாருங்கள். சம்ப்புக்குப் போகும் முன் ஒரு டீ வால்வு வைத்து, முதல் தண்ணீரை வெளியே விட்ட பிறகு சம்ப்புக்குத் திருப்புங்கள். மெட்ரோ வாட்டர் புகார் எண் 1916. "வாடை வருது" என்று மட்டும் சொல்லாமல் எந்த நேரம், எத்தனை நிமிஷம், பக்கத்து எந்தெந்த வீட்டில் என்று சேர்த்துச் சொன்னால் ஆள் வந்து தோண்ட வேண்டிய இடத்தைச் சீக்கிரம் பிடிப்பார்கள்.


கடலோரம்_திருவான்மியூர்:

இடையில ஒரு சின்னக் கேள்வி, மன்னிக்கணும். எங்க போர்ல டிடிஎஸ் 2600, குளோரைடு 1100. இரும்பு இல்லை. சாஃப்ட்னர் போட்டா உப்புக் கரிக்கறது போகும்னு சொல்றாங்க. நிஜமா?


நீராய்வு:

போகாது. சாஃப்ட்னர் கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தைக் கொடுக்கும். டிடிஎஸ் அப்படியே இருக்கும். குளோரைடும் அப்படியே இருக்கும். கரிப்பு குறையாது, கொஞ்சம் கூடினாலும் கூடும்.

உங்கள் பக்கம் கடற்கரை மணல். மழையில் இறங்கின நல்ல தண்ணீர் மேலடுக்கிலும் கடல் தண்ணீர் அதற்குக் கீழேயும் நிற்கும். ஆழமாகத் தோண்டி வேகமாக இறைத்தால் கீழிருக்கிற உப்பு மேலே ஏறும். போரை இன்னும் ஆழப்படுத்துகிறேன் என்று யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய கிணறு இருந்தால் தூர்வாரி அதையே பயன்படுத்துங்கள். ஒரேயடியாக இறைக்காமல் நாளைக்கு மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். மொட்டை மாடி மழைத் தண்ணீர் அத்தனையும் மணல் வடிகட்டி வழியாகக் கிணற்றுக்குள் இறங்கட்டும். 2003-இல் கட்டாயமாக்கினபோது கட்டின மழைநீர்க் குழிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. ஐப்பசிக்கு முன்னால் அதைத் திறந்து மேல் மணலை மாற்றினாலே கார்த்திகைக்குள் மீட்டரில் வித்தியாசம் தெரியும்.


ஆறுவீடு_வேளச்சேரி:

சம்ப்_கட்டு சார், நீங்க சொன்னதுதான். சம்ப்பை முழுசாக் கழுவி, மெட்ரோ தண்ணி மட்டும் முக்கால் அடி விட்டு, கோடு போட்டு வெச்சோம். காலையில மட்டம் ரெண்டு விரல் ஏறியிருந்தது. டிடிஎஸ் 310-லேருந்து 480. கிழக்கு மூலையில மெட்ரோ பைப் சுவருக்குள்ள நுழையற இடத்தைச் சுத்தி ஈரம், அதுக்குக் கீழ கறுப்பா ஒரு கோடு. வெளியில அந்த மூலைக்கு நாலு அடி தள்ளி எங்க சாக்கடைச் சேம்பர். கசியற தண்ணியை மட்டும் பாட்டில்ல பிடிச்சுப் பார்த்தா 1100. ரெண்டு குப்பியும் கறுப்பாயிடுச்சு.

இப்போதைக்குக் குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்கறோம். எப்படி அடைக்கறது? பிளம்பர் எம்-சீல் வெச்சாப் போதும்ங்கறார்.


சம்ப்_கட்டு:

போதாது. ஈரச் சுவரில் எம்-சீல் பிடித்து நிற்காது. உள்ளிருந்து அடைப்பதற்கு முன்னால் வெளியே சேம்பரைச் சரி செய்யுங்கள். இல்லாவிட்டால் இங்கே அடைத்தால் அடுத்த இடுக்கு வழியாக வரும்.

கணக்கைப் பாருங்கள்: 310 தண்ணீரில் 1100 தண்ணீர் கலந்து 520 ஆக வேண்டுமென்றால் நாலில் ஒரு பங்குக்கு மேல் கசிவுத் தண்ணீர். போர் மோட்டார் ரிப்பேரில் இருந்த நாட்களில் 22 பேர் அதைத்தான் புழங்கியிருக்கிறார்கள். யாருக்காவது வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ நீண்டிருந்தால் டாக்டரிடம் இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.

சேம்பர்: சாக்கடை ஓட்டத்தை இரண்டு மணி நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, வெளியேறும் பைப்பைக் கோணி வைத்து அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி மட்டத்தைக் குறியுங்கள். இறங்கினால் சேம்பர் ஒழுகுகிறது. செங்கல் சேம்பர் என்றால் அநேகமாக அடித்தளமும் சுவரும் சேரும் விளிம்பில்தான் விரிசல் இருக்கும். கழுவி, சுரண்டி, 1:3 சிமென்ட் பூச்சு, மேலே வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கை. முடிந்தால் செங்கல் சேம்பரை எடுத்துவிட்டு ரெடிமேட் பிளாஸ்டிக் சேம்பர் வைப்பது நிரந்தரமான வழி.

சம்ப் பக்கம்: பைப்பைச் சுற்றி ஒன்றரை இஞ்ச் ஆழத்துக்கு உளியால் கொத்துங்கள். உட்புறம் அகலமாக, வாய் குறுகலாக இருக்கட்டும், வாய் அகலமாக இருந்தால் அடைப்பு உருவிக்கொண்டு வரும். தூசியைக் கழுவி, சீக்கிரம் இறுகும் நீரடைப்பு சிமென்டைக் கெட்டியாகப் பிசைந்து, கையில் லேசாகச் சூடு தெரியும்போது உள்ளே திணித்து மூன்று நான்கு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும்போதே இது பிடிக்கும், அதுதான் இதன் குணம். அதற்கு மேலே குடிநீர்த் தொட்டிக்கு ஏற்ற படிகவகை வாட்டர்ப்ரூஃப் சிமென்ட் பூச்சு, சுவர் முழுக்க, இரண்டு கை. மூன்று நாள் ஈரம் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். தார் கலந்த எதையும் குடிநீர் சம்ப்புக்குள் பூச விடாதீர்கள்.

சம்ப்புக்குள் ஆள் இறங்கும் முன்: மூடியைத் திறந்து வைத்து ஃபேன் போட்டுக் காற்றோட்டம் விடுங்கள், உள்ளே இருக்கும் மோட்டாருக்கு மெயினிலேயே கரன்ட்டை நிறுத்துங்கள், மேலே ஒருவர் கயிறோடு நிற்கட்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் பின்னாலேயே இன்னொருவர் இறங்கக்கூடாது. இப்படித்தான் ஒரே சம்ப்பில் இரண்டு மூன்று உயிர் போகிறது.

வேலை முடிந்து காய்ந்தபின் கிருமி நீக்கம். 10 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சுவரைத் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரை இறைத்துவிடுங்கள். பிறகு 3,000 லிட்டர் விட்டு, அரைக் கிலோ பவுடர் (30 சதவீதம்) கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றினால் லிட்டருக்கு 50 மி.கி. வரும். அதை மேல் டேங்குக்கு ஏற்றி, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். கிச்சன் பியூரிஃபையர் வால்வுகள் மட்டும் அப்போது மூடியிருக்க வேண்டும். நாலு மணி நேரம் அப்படியே வைத்து, முழுதும் சாக்கடைக்கு. டாய்லெட் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் புழங்க விடாதீர்கள், விஷவாயு வரும்.

அப்புறம் மறுபடி குப்பி, மறுபடி கோடு. இரண்டும் சரியாக வந்த பிறகு கேனை நிறுத்துங்கள். போர் தண்ணீரை இனி இந்த சம்ப்பில் விட வேண்டாம்.


ஆறுவீடு_வேளச்சேரி:

சேம்பர் வேலை ஆரம்பிச்சிட்டோம். போருக்குத் தனி டேங்க், ரெண்டு 13 இஞ்ச் வெசல், சரி. மெட்ரோ தண்ணி கிச்சனுக்கு மட்டும் தனி லைன் இழுக்கலாம்னு முடிவு. மிச்சம் ரெண்டு சந்தேகம்: சாஃப்ட்னர் வேணுமா? ஆர்.ஓ வேணுமா? ஒருத்தர் காந்தம் மாட்டினா உப்பு படியாதுன்னு டெமோ காட்டினார், அதுவும் கேட்டுக்கறேன்.


நீராய்வு:

காந்தத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். போட்டால் கடினத்தன்மை குறையாது, லேபில் முன்னும் பின்னும் அதே 640 தான் வரும்.

சாஃப்ட்னர்: எல்லாத் தண்ணீரையும் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. பைபாஸ் வால்வு வைத்துக் கலந்து 150-இல் நிறுத்தினால் சோப்பு நுரைக்கும், கீசர் பிழைக்கும். அப்படியும் 3,000 லிட்டரில் தினமும் 1,470 கிராம் கடினத்தை எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் (சாஃப்ட்னருக்குள் கடினத்தைப் பிடிக்கும் மணிகள்) ஒரு தடவைக்கு சுமார் 50 கிராம் பிடிக்கும். 50 லிட்டர் ரெசின் வைத்தால் ஒன்றரை நாளுக்கு ஒருமுறை ரீஜெனரேஷன் (உப்பு நீர் விட்டு ரெசினைப் புதுப்பிப்பது), ஒவ்வொரு தடவையும் ஏழரை கிலோ கல் உப்பு. மாதம் 130 கிலோ. அந்த உப்பை யார் தூக்கிப் போடப் போகிறார்கள் என்று அசோசியேஷனில் முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். உப்புப் போடாத சாஃப்ட்னர் வெறும் பைப்தான்.

வாங்குவதானால் இரும்பு ஃபில்டருக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். இரும்பு நேராகப் போனால் ரெசின் மணிகளின் மேல் துரு பூசிக்கொண்டு பிடிக்கும் திறன் போய்விடும். அயோடின் கலந்த தூள் உப்பு வேண்டாம், கல் உப்பைக் கரைத்து மண் தங்கவிட்டுத் தெளிந்த நீரை இழுக்க விடுங்கள். மிச்சமாகும் உப்பு நீர் சாக்கடைக்கு மட்டுமே. அதைக் கிணற்றுக்கோ மழைநீர்க் குழிக்கோ விட்டால் உங்கள் போரே உப்பாகும். சாஃப்ட்னர் தண்ணீரில் இந்தக் கணக்குக்கு லிட்டருக்கு 225 மி.கி. சோடியம் கூடும், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குடிக்க ஏற்றதல்ல.

என் கருத்து: ஆறு வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது. இரும்பை எடுத்தாலே முக்கால்வாசித் தொல்லை தீரும். படிவத்துக்கு, கீசரை 55 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் வைத்துக்கொண்டு, ஷவர் தலை, குழாய் முனைச் சல்லடைகளைக் கழற்றி ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். ஆசிட் ஊற்றினால் குரோம் பூச்சு உரியும். பழுப்பேறிய துணிக்குப் பிளீச் போடாதீர்கள், அது இரும்பைத் துணியிலேயே துருவாக்கிக் கறையை நிலைக்க வைத்துவிடும்.


பம்ப்செட்_தரமணி:

சாஃப்ட்னர்ல சார் சொல்றதுக்குக் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். ஆறு வீட்டுக்கும் வேண்டாம்னா சரி. ஆனா வாஷிங் மெஷினும் கீசரும் இருக்கற வீட்டுக்காரங்க தனியா 10 லிட்டர் ரெசின் சின்ன யூனிட் பாத்ரூம் லைன்ல மாட்டிக்கலாம். 640-ல அது ஒரு தடவைக்கு 750 லிட்டர் வரைக்கும் கொடுக்கும், உப்பு ஒன்றரை கிலோ. செய்யறவங்க செஞ்சுக்கட்டும்.

அந்த மொத்தக் கட்டட ஆர்.ஓ வேண்டவே வேண்டாம். 3,000 லிட்டர் எடுக்க அதே அளவு, சில சமயம் அதுக்கும் மேல தண்ணியைக் கீழ விடணும். இரும்பு எடுக்காம விட்டா மெம்ப்ரேன் (ஆர்.ஓ சவ்வு) சில வாரத்துலயே அடைச்சுக்கும். குளிக்கறதுக்கு ஆர்.ஓ தண்ணி எதுக்கு?

கிச்சன்ல மெட்ரோ தண்ணி 310 டிடிஎஸ்ல வரும்னா ஆர்.ஓ தேவையில்லை. 500-க்குக் கீழ உள்ள தண்ணிக்கு ஆர்.ஓ கூடாதுன்னு 2019-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கு. செடிமென்ட், கார்பன், யூஎஃப் (நுண் வடிகட்டி), யூவி (புற ஊதா விளக்கு) இருக்கற மெஷின் போதும். லாரி தண்ணி வாங்கற மாசத்துல மட்டும் ஒவ்வொரு லோடுக்கும் மீட்டர் வெச்சுப் பாருங்க, அது எந்தப் போர்லேருந்து வருதுன்னு நமக்குத் தெரியாது. கலங்கலா வந்தா 1,000 லிட்டருக்கு 30 கிராம் படிகாரம் கரைச்சு ஊத்தி, ராத்திரி தெளிய விட்டு, மேல்தண்ணியை மட்டும் எடுங்க. தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளிய வைக்கும். ஆனா ரெண்டுமே கிருமியைக் கொல்லாது, அதுக்கு அப்புறம் குளோரின் போட்டே ஆகணும்.

ஏற்கனவே ஆர்.ஓ வெச்சிருக்கற வீட்டுல இப்ப குளோரின் போட ஆரம்பிக்கறதால ஒண்ணு கவனிங்க. குளோரின் மெம்ப்ரேனை அரிச்சிடும். அதைத் தடுக்கறது கார்பன் கார்ட்ரிட்ஜ்தான், அதை ஆறு மாசத்துக்கு மேல இழுக்காதீங்க. மெம்ப்ரேன் நல்லா இருக்கான்னு பார்க்க உள்ள போற டிடிஎஸ்ஸையும் வெளிய வர்றதையும் அளந்து பாருங்க. பார்க்கும்போது டிடிஎஸ் அட்ஜஸ்டர் ஸ்க்ரூவை முழுசா மூடிட்டுப் பாருங்க, இல்லேன்னா கலந்த தண்ணியை அளந்துட்டு மெம்ப்ரேன் போச்சுன்னு நினைச்சுப்பீங்க. பத்துல ஒரு பங்குக்குள்ள வந்தா சரி, அஞ்சுல ஒரு பங்கைத் தாண்டினா மாத்தற நேரம்.